கோஷம் மட்டும் மிச்சமிருந்த வாய்

தேநீர் என் கணவரின் வாயோரம் வழிந்தது. அவருக்கு அது தெரியவே இல்லை. மலேசியாவின் கிள்ளானில் எங்கள் வீட்டு வாசலில் கட்சி வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

“வாய் கோணுதுங்க. கிளினிக் போவோம்.”

“செராமா முடியட்டும் லா. ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க.”

பிரிக்பீல்ட்ஸில் நடந்த அந்தச் செராமாவில் (பிரச்சாரக் கூட்டத்தில்), அவருடைய வலது கையிலிருந்து மைக் நழுவியது. அடுத்து அவரே விழுந்தார்.

பக்கவாதம் (மூளைக்குப் போகும் இரத்தம் தடைபடுவது) என்றார் இளம் பெண் மருத்துவர். “ஆன்டி, அங்கிள் பிபி மருந்த எப்ப நிறுத்தினாரு?” எனக்குத் தெரியவில்லை. தேர்தல் அறிவித்ததிலிருந்து அவர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை. மகளின் பட்டமளிப்பு விழாவுக்கும் வரவில்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது வாய் கோணினால் எந்தத் தலைவருக்காகவும் காத்திருக்காதீர்கள். என் கணவர் விழுந்த பிறகும் கூட்டம் நடந்ததாம்.

பேச்சுப் பயிற்சியில் மகளின் படத்தைக் காட்டினார்கள். உதடு துடித்தது, பெயர் வரவில்லை. என்னைக் காட்டினார்கள். அதுவும் இல்லை. திடீரென்று இடது கையை உயர்த்தி, “ஹிடூப்! ஹிடூப்!” (வாழ்க! வாழ்க!) என்று கணீரென முழங்கினார்.

அஃபேசியா (நினைத்த சொல் வாய்க்கு வராத நிலை) வந்தாலும் வாய்ப்பழக்கமான சொற்கள் சிலருக்குத் தங்கிவிடும் என்று பயிற்சியாளர் விளக்கினார். கட்டிய மனைவியின் பெயர் போய்விட்டது, கட்சிக் கோஷம் மட்டும் பத்திரமாக இருக்கிறது!

விஷயம் கேள்விப்பட்டுக் கிளைச் செயலாளர் பழக்கூடையோடு வந்தார்.

“அண்ணி, அண்ணன வீல்சேர்ல மேடைக்குக் கொண்டு போறோம். அந்த ஒரு வார்த்த போதும், சனம் அழுதுரும்.”

“அவரத் தூக்கி உக்கார வைக்க ஒருத்தரும் வரல. இப்ப வேடிக்க காட்டணுமா? கெளம்புங்க தம்பி.”

என் கணவர் கட்டிலைத் தட்டினார். போக வேண்டுமாம்! அவர் மீதும் எனக்கு ஆத்திரம் பொங்கியது. பழக்கூடையையும் திருப்பிக் கொடுத்தனுப்பினேன். அதற்குப் பிறகு பல நாள் அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

தேர்தல் முடிந்தது. வேன் வேறு யாருக்கோ ஹாரன் அடிக்கப் போய்விட்டது. ஒரே மாலையில் மூன்று ஊர்களில் பேசியவருக்கு இப்போது சட்டைப் பொத்தான் போடவே காலைப்பொழுது போய்விடுகிறது. வலது கையை இடது கையால் தூக்கி, யாருடையதோ போல மடியில் வைத்துக்கொள்கிறார். அவருடைய வேகத்துக்கு நானும் பழகிவிட்டேன்.

ஒருநாள் கஞ்சி ஊட்டும்போது என் முகத்தையே பார்த்தார். உதடு நெளிந்தது. கஞ்சி ஆறிப்போகும்வரை காத்திருந்தேன்.

“கோ... கோவமா?”

“ஆமா,” என்றேன். “ரொம்ப.”

தலையாட்டினார். அடுத்த வார்த்தைக்காக மறுபடி வாயைத் திறந்தார். நான் கரண்டியை வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.