நீச்சல் தொட்டியின் அடியில் ஒரு கிழிசல்

"வியாழன், காலை 6.20. தொட்டியின் நீர்மட்டம் நேற்றைவிட இரண்டு விரற்கடை குறைவு. வாளியில் கால் விரற்கடைதான் குறைந்திருக்கிறது. கசிவு உறுதி. இன்று தண்ணீரை முழுதாக இறைத்துவிட்டுப் பார்க்க வேண்டும்."

சென்ற ஆண்டு ஜூன் மாதம் என் குறிப்பேட்டில் நான் எழுதிய வரிகள் இவை. கடைசி வரியைப் பார்த்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

தூத்துக்குடியில் உப்பளங்களை ஒட்டியுள்ள ஒரு சிறப்புப் பள்ளியில் கட்டடப் பராமரிப்பு என் வேலை. நடக்கச் சிரமப்படும் பிள்ளைகளின் பயிற்சிக்காக, தரையில் பதித்த சிறிய நீச்சல் தொட்டி ஒன்று அங்கே இருக்கிறது. நாலடி ஆழம், தண்ணீர் மூன்றடிக்கு நிற்கும். உள்ளே ஓடு கிடையாது. தொட்டியின் அளவுக்கே தைத்தது போன்ற நீல நிற வினைல் விரிப்புதான் தண்ணீரைத் தாங்குகிறது. குளோரின் அளவு, நீர்மட்டம், வடிகட்டி கழுவிய நாள் என்று எல்லாவற்றையும் தேதியிட்டு எழுதி வைப்பேன். மூன்று நோட்டுகள் நிறைந்துவிட்டன. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

கச்சான் காற்று வீசும் மாதம் அது. வறண்ட மேல்காற்றில் தண்ணீர் ஆவியாகும் என்பதால், முதலில் நான் கசிவைச் சந்தேகிக்கவில்லை. பிறகு ஒரு வாளியில் தொட்டித் தண்ணீரையே நிரப்பி, தொட்டிப் படியில் வைத்து, இரண்டு மட்டங்களையும் குறித்தேன். காற்று குடிப்பது இரண்டிலும் ஒரே அளவுதானே? மறுநாள் வாளி ஏறக்குறைய அப்படியே இருந்தது. தொட்டிதான் இறங்கியிருந்தது.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. மாதம் ஒருமுறை மதுரையிலிருந்து வரும் பயிற்சியாளர் சனிக்கிழமை வருவதாக இருந்தார். எட்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று, தரையில் நான்கு அடி நடக்கவே அழுபவள், தண்ணீருக்குள் பிடி இல்லாமல் தொட்டியின் குறுக்கே நடக்கத் தயாராகியிருந்தாள். இந்தச் சனிக்கிழமை விட்டால் இன்னும் ஒரு மாதம். அதற்குள் அவளுடைய தைரியம் என்னாகும் என்று யாருக்கும் தெரியாது.

ஆகவே மோட்டாரைப் போட்டுவிட்டேன். தண்ணீர் பாதிக்கும் கீழே இறங்கியபோது அந்தக் குழந்தையின் அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார். சங்கு குளிப்பவர். காற்று பலமாக இருந்ததால் அன்று கடலுக்குப் போகவில்லை.

"அண்ணாச்சி, தண்ணிய என்ன செய்யுதிய?"

"இறைச்சிட்டு ஓட்டையப் பாக்கணும்."

"மொதல்ல மோட்டார நிப்பாட்டுங்க. இங்கன ரெண்டடி தோண்டுனா உப்புத்தண்ணி ஊறுது. மேல நிக்கிற தண்ணி கனத்துலதான் அது அடங்கிக் கெடக்கு. அத எடுத்துட்டியன்னா கீழ உள்ளது சும்மா இருக்குமா?"

அவர் கைகாட்டிய இடத்தில் பார்த்தேன். தொட்டியின் அடியில், நீல விரிப்பு தோசைக்கல்லில் சப்பாத்தி எழும்புவது போல மெல்ல உப்பிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினேன். 

"இத மாட்டுனவுக ஒண்ணும் சொல்லலையா?" என்று கேட்டார்.

சொல்லவில்லை என்று காட்டுவதற்காகவே முதல் நோட்டை எடுத்து வந்தேன். முதல் பக்கம், என் கையெழுத்து: "பொருத்தியவர் சொன்னது: எக்காரணம் கொண்டும் முழுதாக இறைக்கக் கூடாது. நிலத்தடி நீர் விரிப்பைத் தூக்கிவிடும். கிழிந்தால் தண்ணீருக்குள்ளேயே ஒட்டுப் போடலாம்." அடியில் இரண்டு கோடு வேறு.

அவர் எட்டிப் பார்த்து வாசித்தார். "எழுத்து மணிமணியா இருக்கு அண்ணாச்சி. திருப்பி வாசிச்சிருந்தியன்னா இன்னும் நல்லா இருந்திருக்கும்."

சிரித்துவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே தொட்டியில் இறங்கினார். மதியம் லாரித் தண்ணீர் வந்தது. மட்டம் ஏற ஏற உப்பல் அடங்கியது. விரிப்பில் விழுந்த சுருக்கங்களை நாங்கள் இருவரும் வெறுங்காலால் சுவர்ப்பக்கம் தள்ளித் தள்ளி நீவினோம். ஒரு சுருக்கம் மட்டும் போகவில்லை. அது இன்றும் இருக்கிறது.

வெள்ளி காலை மோட்டார், வடிகட்டி எல்லாவற்றையும் நிறுத்தி, தண்ணீர் அசையாமல் நிற்கும்வரை காத்திருந்தோம். கேசரிப் பவுடரைக் கரைத்து ஊசியில்லாத சிரிஞ்சில் ஏற்றிக் கொடுத்தேன். அவர் மூழ்கி, உள்ளங்கையால் அடிவிரிப்பைத் தடவிக்கொண்டே போனார். சந்தேகப்பட்ட இடங்களில் துளித்துளியாக நிறத்தை விட்டார். மேலே வந்து இருமிக்கொண்டே மூக்கைச் சிந்தினார்.

கரையில் உட்கார்ந்திருந்த மகள் விடவில்லை. "யப்பா, கடல்ல அம்புட்டு நேரம் மூச்சடக்குதிய, இங்கன ஏன் இருமுதிய?"

"ஏளா, சும்மா இரி. கடல்ல எவன் மருந்தக் கொட்டுதான்?"

நான்காவது முறை மூழ்கியபோது, படிக்கட்டுக்கு ஒரு முழம் தள்ளி, செம்மஞ்சள் நிறம் நூலாக இழுபட்டுத் தரைக்குள் போனது. நகக்கீறல் அளவு, பிறை வடிவக் கிழிசல். மிச்சம் கிடந்த பழைய வினைல் விரிப்பிலிருந்து ஒட்டை வட்டமாக வெட்டினேன். மூலை இருந்தால் அங்கிருந்துதான் உரியும். தண்ணீரில் பிடிக்கும் பசையைத் தடவி, இரண்டாக மடித்துக் கொடுத்தேன். அவர் கீழே போய் விரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தித் தண்ணீரை வெளியேற்றினார். பிறகு தன் இடுப்பில் கட்டும் ஈயக்கட்டிகளை ஈரத் துண்டில் சுற்றி அதன்மேல் வைத்தார்.

"ஒரு நாள் கெடக்கட்டும். கச்சான் ஓயுற வரைக்கும் எனக்கு இது என்னத்துக்கு?"

சனி காலை மட்டம் இறங்கவில்லை. பத்து மணிக்கு ஈயத்தை எடுத்தோம். பதினொன்றுக்கு அந்தக் குழந்தை தண்ணீரில் இறங்கினாள். நடுவில் ஒருமுறை தடுமாறினாள். யாரும் பிடிக்கவில்லை, அவளே நிமிர்ந்தாள். எதிர்ச்சுவரைத் தொட்டதும், "யப்பா, உங்க ஒட்டு மேல மிதிக்காமத்தான் வந்தேன்" என்று கத்தினாள். அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை நோட்டைப் புரட்டியபோது, அதற்கு முந்தைய வாரத்தில் ஒரு வரி கண்ணில் பட்டது: "வலைக்கம்பு நுனியின் ரப்பர் மூடியைக் காணவில்லை. வாங்க வேண்டும்." தண்ணீரில் விழும் குப்பையை அள்ளும் கம்பு அது; மூடியை நான் வாங்கியிருக்கவில்லை. கிழிசல் அந்தக் கம்பால் விழுந்ததா, பிள்ளைகள் பிடித்து நடக்கும் வாக்கரின் காலால் விழுந்ததா என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. காரணம் எழுத வேண்டிய இடத்தை வெற்றாகவே விட்டிருக்கிறேன், இப்போது திங்கள்தோறும் பழைய பக்கங்களை வாசிக்க உட்காரும்போது முதலில் அந்த வெற்றிடத்தைத்தான் பார்க்கிறேன்.