முதுகுத்தண்டு அடிபட்டவரோடு மதுரையிலிருந்து ஏழாயிரம்பண்ணை வரை

போன மாசியில் என் தங்கை கணவர் குருசாமி, லாரி மேல் நின்று தார்ப்பாய் கட்டும்போது மல்லாக்க விழுந்தார். முதுகுத்தண்டில் அடி. கை இரண்டும் நன்றாக வேலை செய்கின்றன, மார்புக்குக் கீழே எதுவும் தெரியாது. மதுரையில் சிகிச்சையும் பயிற்சியும் முடிந்து ஆனியில் வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்படி ஒருவரை ஊர் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் விருதுநகரில் வத்தல், பருப்பு வியாபாரம் செய்கிறவன். ஆம்புலன்ஸுக்கு ஐயாயிரத்து ஐந்நூறு கேட்டார்கள். தாயில்பட்டி பாண்டி மதுரையில் பட்டாசு லோடு இறக்கிவிட்டு, மூடிய வேனைக் காலியாகத் திருப்பிக்கொண்டிருந்தார். இரண்டாயிரத்து இருநூறுக்குப் படிந்தது. தூரம் ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர்.

பாண்டி தரையில் வைக்கோல் பரப்பி, மேலே மெத்தை போட்டு, மாப்பிள்ளையைப் படுக்கவைத்து, நெஞ்சிலும் இடுப்பிலும் தொடையிலும் கயிறு போட்டார். லோடு வேன் ஓட்டுகிறவர்களுக்குப் பெட்டி அசையக் கூடாது, உரசக் கூடாது. அதுதான் அவர்கள் படித்த படிப்பு. "வெடிப்பெட்டி மாதிரி குலுங்காமக் கொண்டுபோயிருவேன் அண்ணாச்சி" என்றார். எனக்கும் அது நல்ல வேலையாகத்தான் பட்டது.

காலை பதினொரு மணிக்குக் கிளம்பினோம். நான் பின்னால் மாப்பிள்ளை பக்கத்தில். காற்றுக்காகப் பின்கதவு ஒன்றைத் திறந்து கட்டியிருந்தோம். விருதுநகரிலும் சாத்தூரிலும் நிறுத்திக் கயிற்றை அவிழ்த்து அவரைப் புரட்டிவிட்டோம். ஒரே பக்கம் கிடந்தால் தோல் அழுகிப் புண்ணாகிவிடும், அவருக்கு வலியும் தெரியாது. சாத்தூரில் பாண்டி மறுபடி கட்டியபோது கொஞ்சம் கூடுதலாகவே இறுக்கினார். அதற்கு மேல் ரோடு மோசம்.

சாத்தூர் தாண்டியதும் கடையும் இல்லை, ஆளும் இல்லை. கரிசலுக்கு நடுவில் தள்ளித்தள்ளிப் பட்டாசுக் கம்பெனிகளின் ஒற்றை அறைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வேப்பமரம். உள்ளே ஆட்கள் மருந்து அடைத்துக்கொண்டிருப்பார்கள். ஒரு சத்தம் வெளியே வராது. அப்போதுதான் போர்வைக்குள் மாப்பிள்ளையின் வலது கால் தையல் மிஷின் மிதிப்பது போல டக்டக்கென்று ஆட ஆரம்பித்தது. கால் வந்துவிட்டது என்று நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"நான் ஆட்டல மச்சான்" என்றார். "அது தானா ஆடுது. ஆஸ்பத்திரியிலயும் இப்படித்தான்."

சொல்லும்போதே அவர் முகம் ரத்தச் சிவப்பாக மாறியது. நெற்றியிலும் கழுத்திலும் வியர்வை கொட்டியது. கைமயிர் அத்தனையும் குத்திட்டு நின்றது. காலைத் தொட்டேன், ஐஸ் மாதிரி இருந்தது. ஒரே உடம்பில் இரண்டு ஆள் படுத்திருப்பது போல. கதவு வழியே பார்த்தால், போன வருஷம் வெடித்துப்போன ஒரு கம்பெனி. கூரை இல்லாத சுவர்கள், ஒரு பக்கம் மட்டும் தளிர்த்த மரங்கள்.

"தலை பிளக்குது. என்னைய உக்கார வையுங்க, கயித்தை அவுருங்க."

டிரைவர் பக்கத்துத் தகரத்தை ஓங்கித் தட்டினேன். வண்டி நிற்கவில்லை, வேகம்தான் கூடியது. மூட்டை குத்திப் பார்க்கும் குத்தூசி எப்போதும் என் பையில் இருக்கும். அதை முடிச்சுக்குள் விட்டு நெம்பி ஒவ்வொன்றாக அவிழ்த்து, அவரை நிமிர்த்தி என் நெஞ்சில் சாய்த்துக்கொண்டேன். "குழாயைப் பாருங்க" என்றார். தொடைக்கயிறு அழுத்தி சிறுநீர்க் குழாய் மடங்கிக் கிடந்தது, பையில் சொட்டு இல்லை. நேராக்கியதும் பை மளமளவென்று நிறைந்தது. நிறைய நிறைய அவர் முகச்சிவப்பு வடிந்தது.

ஒரு பஸ் நிறுத்தத்தில்தான் பாண்டி வண்டியை நிறுத்தினார். ஏன் நிற்கவில்லை என்று கத்தினேன்.

"அங்கன நிப்பாட்டக் கூடாது அண்ணாச்சி. நாலு பேரு போன இடம். நின்னா ஏறிக்கிடுவாக. பின்னாடி காலை ஆட்டுனது யாருன்னு நினைச்சீக?" அவர் குரலில் விளையாட்டே இல்லை. வண்டிக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மாப்பிள்ளை கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "ஏறுனவுகளுக்கும் சேத்து வாடகை கேட்டுறாதலே பாண்டி."

மதுரை வார்டு நர்ஸ் ரெஜினாவுக்குப் போன் போட்டேன். மறுபடி படுக்கவைக்காதீர்கள், ரத்த அழுத்தம் பார்க்காமல் வீட்டுக்குப் போகாதீர்கள் என்றார். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கலாமாம். வழியில் இருந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு மணி நேரம் உட்காரவைத்துப் பார்த்து, அழுத்தம் இறங்கிய பிறகே விட்டார்கள். வீடு சேர நாலு மணி. தங்கை காலையிலேயே போய் வாசலுக்குச் சாய்தளம் போட்டு வைத்திருந்தாள்.

நான் தெரிந்துகொண்டது இதுதான். முதுகில் மேல்பக்கம் அடிபட்டவர்களுக்குக் கீழே சிறுநீர் தேங்கினாலும், மலம் கட்டினாலும், துணி இறுக்கினாலும் வலி தெரியாது. ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறும். திடீர்த் தலைவலி, மேல்பாதியில் வியர்வை, மயிர்க்கூச்சம் வந்தால் முதலில் நிமிர்த்தி உட்காரவையுங்கள், இறுக்கத்தைத் தளர்த்துங்கள், குழாயைப் பாருங்கள். அடங்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரி. வெயில் ஏறிய தகரத்தில் கால் படவிடாதீர்கள், வெந்தாலும் தெரியாது. காசைப் பார்க்காமல் ஆம்புலன்ஸில் போங்கள். முடியாவிட்டால் உட்கார்ந்து போகிற வண்டியில் போங்கள். சரக்கு வண்டி ஆகாது. இத்தனையும் தெரிந்த பிறகும், அந்த ரோட்டில் போகும்போது நான் பின்பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை.

மாதம் ஒருமுறை மதுரைக்குப் போய்வர வேண்டும். பாண்டியின் அண்ணனிடம் ஒரு கார் இருக்கிறது, பாண்டியே ஓட்டுவதாகப் பேச்சு. போகவர நாலாயிரத்து ஐந்நூறு, காத்திருப்பும் அதிலேயே. அரை மணிக்கு ஒருதரம் நிறுத்த வேண்டும், மாப்பிள்ளை கையூன்றி இடுப்பைத் தூக்கிக்கொள்ள. அவர் நிறுத்தச் சொன்னால் அது எந்த இடமானாலும் நிறுத்த வேண்டும். இந்தக் கடைசி ஷரத்துக்கு மட்டும் பாண்டி முந்நூறு கூடக் கேட்டார். பேரம் பேசாமல் ஒத்துக்கொண்டேன்: நாலாயிரத்து எண்ணூறு.