கள்ளன் ஒளிந்த கல்வீடு

எங்காவது கற்பூரம் மணந்தால், பகேரியா ஊருக்குப் பின்னால் புதர்க்காட்டு மேட்டில் நின்ற, முன்னொரு காலத்தில் கொள்ளைக்காரன் ஒருவன் ஒளிந்திருந்த, கூரையில்லாத கல்வீட்டுக்குள் என் மனம் போய்விடுகிறது. தொண்ணூறுகளில், நாங்கள் இருந்த பலெர்மோ நகரிலிருந்து ஞாயிறுதோறும் பஸ்ஸேறிப் போய், அம்மா அங்கே கற்பூரம் கொளுத்துவார். யாரோ வைத்த பூக்களைக் கண்டு முதலில் கோயிலென்றே நினைத்தார். அவர் வேலை செய்த வீட்டின் எசமானி, அந்தச் சிஞ்ஞோரா, உண்மையைச் சொன்ன பிறகும் நிறுத்தவில்லை.

“கள்ளனெண்டாலும் பொலிசுக்கு ஒளிச்சுத் திரிஞ்சவன்தானே. இஞ்சை இருக்கப் பெர்மெஸ்ஸோக் கடுதாசி இல்லாத எங்கடை பயம் அவனுக்கு விளங்கும்” என்பார்.

ஓர் ஆகஸ்ட் ஞாயிறு, திரும்பி வரும் பஸ்ஸிலிருந்து அந்த மேடு எரிவதைக் கண்டோம். யார் வைத்த தீயோ என்று எல்லோரும் யன்னலில் நெருக்கியடித்துக் கதைத்தார்கள். நான் அம்மாவைப் பார்த்தேன். அவர் உள்ளங்கையால் என் வாயைப் பொத்தினார். கை முழுக்கக் கற்பூரம் மணத்தது.