போதும் என்றால் போதுமா?

கப்பல் சமையல்காரருக்கு வாதம் வந்தபோது வலது கை போனது, வலது கால் போனது, பேச்சும் போனது. ஒரே ஒரு சொல் மட்டும் வாயில் தங்கியது: "போதும்." விதிக்கு இப்படியும் ஒரு குசும்பு. சாப்பாட்டு மேசையில் தானும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை, அடுத்தவரைச் சொல்லவும் விட்டதில்லை அந்த மனிதர். இப்போது தண்ணீர் வேண்டுமென்றாலும் போதும், ஜன்னலைத் திறக்க வேண்டுமென்றாலும் போதும், காலில் கொசு கடித்தாலும் போதும். எது எந்தப் போதும் என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டியது அவர் மனைவியின் பாடு.

அவள் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் பிடித்துவிடுகிற கண். சமையலில் மட்டும் சுத்த சூனியம். அவர் கடலில் இருக்கும் மாதங்களை ரொட்டியும் அவித்த முட்டையுமாக ஓட்டிவிடுவாள். அவர் கரையேறியதும் அடுப்படியில் விருந்தாளியாகிவிடுவாள்.

ஜப்பானிய அதிகாரிகள் இருந்த கப்பலில் பல வருடம் வேலை பார்த்தவர் அவர். அங்கே கற்றதையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்தார். உப்புத் தொட்ட கையால் சோற்றை முக்கோணமாகப் பிடித்துக் கடற்பாசித் தாள் சுற்றுவார். ஒட்டும் அரிசி மாவை உருட்டி வேகவைத்து, குச்சியில் கோத்து, இனிப்புச் சோயா பாகு தடவுவார். அதற்கு டாங்கோ என்று பெயர். மாவு காது மடல் பதத்துக்கு வர வேண்டும் என்பது அந்த ஊர்க்காரர்கள் கணக்காம். அதனால் பிசையும்போதே அவளைக் கூப்பிடுவார். ஒரு கையால் மாவையும் இன்னொரு கையால் அவள் காதையும் கிள்ளிப் பார்ப்பார். பதம் பார்க்கிறாரா வம்பு பண்ணுகிறாரா என்று அவள் கேட்பாள். அந்தக் காதோடு கடைக்குப் போய், காதில் மாவு இருக்கிறது என்று வாடிக்கையாளர் சொல்லி அசடு வழிந்த நாட்களும் உண்டு.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின், விழுங்கப் பயிற்சி கொடுக்கும் பெண் வாரம் இருமுறை வீட்டுக்கு வந்தாள். எதைக் கொடுத்தாலும் மெத்தென்று, வழுக்கிக்கொண்டு இறங்குவதாகக் கொடுக்கச் சொன்னாள். எடை இன்னும் குறைந்தால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டிவரும் என்றும் சொன்னாள். குழாய் என்றதும் அவர் கண்ணில் தெரிந்த பயத்தை அவள் பார்த்தாள். ஆயிரம் பேருக்குப் பொங்கிப் போட்டவரின் நாக்குக்கு இனி வேலையில்லை என்பதுதான் அதன் அர்த்தம்.

மசித்த சோற்றை அவர் இரண்டு கரண்டிக்கு மேல் தொடவில்லை. அவள் யோசித்தாள். மெத்தென்று இருக்க வேண்டும், அவருக்குப் பிடித்ததாகவும் இருக்க வேண்டும். டாங்கோவை விட மெத்தென்றது உலகத்தில் என்ன இருக்கிறது? வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும் என்ற மறுபாதி அவள் காதில் ஏறவே இல்லை. அவருடைய அலமாரியைத் திறந்தாள், மாவை எடுத்தாள், தன் காதைத் தானே கிள்ளிக்கொண்டு பிசைந்தாள். வேகவைத்து, பாகு தடவி, பட்டாணி அளவில் வெட்டி ஊட்டினாள். முதல் துண்டில் அவர் கண் கலங்கியது. இரண்டாவது துண்டோடு சொன்னார்: "போதும்."

அவள் முகத்தைப் பார்த்தாள். கலங்கிய கண்ணையும் பாகு ஒட்டிய உதட்டையும் பார்த்தாள். இது 'இன்னும்' என்கிற போதும் என்று முடிவு கட்டி, மூன்றாவது துண்டை வாயில் வைத்தாள்.

முதல் இரண்டுமே இறங்கியிருக்கவில்லை. அவர் முகம் கறுத்தது. சத்தமில்லாமல் கை மட்டும் காற்றில் துழாவியது. அவரை முன்பக்கம் சாய்த்து, தோள்பட்டைகளுக்கு நடுவே பலங்கொண்ட மட்டும் அறைந்தாள். ஐந்தாவது அறையில் மாவு ஒரே கட்டியாக அவள் மடியில் விழுந்தது. மூச்சு திரும்பியபின் அவர் அவளைப் பார்த்த பார்வையை அவளால் இன்றுவரை நினைக்க முடியவில்லை.

அன்றிலிருந்து அவர் வாயை இறுக்கிக்கொண்டார். தண்ணீரை மட்டும் பஞ்சில் தொட்டு உதட்டில் வைக்க விட்டார். போதும் என்றுகூடச் சொல்லவில்லை. அவர் எதையும் தொடவில்லை என்று சொல்லி அனுப்பியதும் மறுநாளே பயிற்சிக்காரப் பெண் ஓடி வந்தாள். எடையைப் பார்த்துவிட்டு, நாளைக் காலைக்குள் ஒரு கிண்ணமாவது உள்ளே போகாவிட்டால் குழாய்தான் என்று சொல்லிவிட்டாள். மனைவி அவளை அடுப்படிக்கு இழுத்துப்போய் நடந்ததைச் சொன்னாள்.

"அந்த ஒரு வார்த்தைய வெச்சுக்கிட்டு யாரால என்ன கண்டுபிடிக்க முடியும்? உங்க தப்பு இல்லக்கா," என்றாள் பெண்.

"வாதம் வந்தப்புறம் அவரு நெனச்சதும் சொன்னதும் ஒண்ணா இருந்த ஒரே தடவ அது," என்றாள் இவள். "அன்னிக்குப் பாத்துதான் நான் நம்பல."

முட்டையைக் கட்டியில்லாமல், தண்ணீராகவும் இல்லாமல் வேகவைத்துக் கொடுத்துப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனாள் பெண்.

அப்படி ஒன்றை அவர் கிண்ணத்தில் செய்வார் என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. சவன்முஷி, ஜப்பானியர்கள் ஆவியில் வேகவைக்கும் முட்டை. கடற்பாசியும் காய்ந்த மீன் சீவலும் ஊறிய தெளிநீர் மூன்று பங்கு, முட்டை ஒரு பங்கு. முதல் கிண்ணம் கொதித்து ஓட்டை ஓட்டையாகிவிட்டது. கடையில் குமிழி இருந்தால் லென்ஸைத் திருப்பி அனுப்புகிறவள் அவள். கொட்டினாள். இரண்டாவதையும் கொட்டினாள். மூன்றாவதுக்கு முட்டையை நுரைக்காமல் கலக்கி, இரண்டு தரம் வடிகட்டி, மேலே மிதந்த குமிழிகளை ஊசிமுனையால் ஒவ்வொன்றாக உடைத்தாள். ஆவி வெளியேற மூடிக்கும் பாத்திரத்துக்கும் நடுவே ஒரு குச்சியைச் செருகி, சின்னத் தணலில் வைத்தாள். இறக்கியபோது ஆடி நடுங்கியதே தவிர, ஒரு புள்ளி இல்லை. ஒரு கரண்டி தன் வாயில் போட்டாள். மெல்லும் முன்பே இறங்கிவிட்டது.

அவர் எதிரில் உட்கார்ந்து கிண்ணத்தைக் காட்டினாள். அவர் அதை வெகுநேரம் பார்த்தார். சமையல்காரர் அல்லவா, அடுத்தவர் வேலையைச் சோதிக்காமல் விடுவாரா? கடைசியில் உதடு பிரிந்தது. ஒரு கரண்டி. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தொண்டையைப் பார்த்தாள். ஏறி இறங்கியது. இன்னொன்று. இன்னொன்று. பாதிக் கிண்ணம் வந்தது.

"போதும்," என்றார்.

கரண்டி பாதி வழியில் நின்றது. நாளைக் காலை, குழாய், மிச்சமிருக்கும் பாதி எல்லாம் அவள் கண்ணுக்கு முன்னால் வந்தன. இன்னும் ஒரு வாய், ஒரே ஒரு வாய் என்று கை துடித்தது. அவர் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். "சரிங்க. போதும்," என்றாள்.

கிண்ணத்தோடு எழுந்து அடுப்படிக்குப் போனாள். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள். தன் கையாலேயே அவருக்குக் குழாய் போட்டுவிட்டதாகத் தோன்றியது. முகத்தைக் கழுவிக்கொண்டு, அவர் வாயைத் துடைக்க ஈரத்துணியோடு திரும்பி வந்தாள்.

"போதும்," என்றார் அவர். வாயைத் திறந்து வைத்திருந்தார்.

ஆறிப்போன பாதியை அவள் எடுத்து வந்தாள். ஒவ்வொரு தடவை அவர் போதும் என்றபோதும் கரண்டியைக் கீழே வைத்தாள். அவர் மறுபடி வாய் திறக்கும்வரை தொடவில்லை. கிண்ணம் காலியாக ஒரு மணி நேரம் ஆனது.