தனபாக்கியம் அம்மாவின் கடல்நீர்த் தொட்டி

வரிசை தவறிவிடுவேனோ என்ற பயத்தில், சொல்லப்போவதை முதலில் எண்ணிட்டுக் கொள்கிறேன்.

1. செய்தி வந்தது.
2. தனபாக்கியம் அம்மாவின் மீன்தொட்டியில் நீரின் மேல் ஏடு படிந்தது. அதற்குக் காரணம் தட்டச்சுப் பொறிக்கு விடும் எண்ணெய்.
3. ஏட்டை அவர் நீக்கிய விதம்.
4. என்னிடம் மிஞ்சியிருப்பது.

செவ்வாய்க்கிழமை அஞ்சலட்டை வந்தது. மரக்காணம் உப்பு அலுவலகத்தில் தட்டச்சராக இருந்த தனபாக்கியம் அம்மா காலமானதாக அவர் தம்பி எழுதியிருந்தார். அங்கே கூட வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் அவர் குரல் இன்னும் கேட்கும். பொறியின் சத்தத்தையும் மிஞ்சிய குரல்.

எழுபத்திரண்டாம் வருஷம் அவர் தம் மேசையோரம் ஒரு சிறிய கண்ணாடித் தொட்டி வைத்தார். கடல்நீர், கழுவெளிக் காயலில் பிடித்த மூன்று வரி மீன்கள். எந்நேரமும் கல்லுக்குப் பின்னால் ஒளிந்திருந்த மீனுக்கு "கெமிஸ்ட் சார்" என்று பெயர். அலுவலகத்தில் கெமிஸ்ட் நான்தான். தினமும் காலையில், நல்லெண்ணெய் தடவிப் படிய வாரிய தலையோடு தொட்டியின் மேல் குனிந்து, நீரின் அடர்த்தியை அளந்து நோட்டில் எழுதுவேன்.

சில வாரங்களில் நீர்ப்பரப்பில் பாலாடைபோல ஏடு படிந்தது. மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தன. அம்மா, மை ஒற்றும் தாளை நீரின் மேல் விரித்து, ஓரத்தைப் பிடித்து மெல்லத் தூக்குவார். ஏடு தாளோடு வந்துவிடும். பிறகு டம்ளரில் நீரை மொண்டு, டீ ஆற்றுவதுபோல உயரத்திலிருந்து ஊற்றுவார். "மூச்சு வாங்குதுங்க, பாவம். இந்த ஆபீசுல நமக்கே காத்து இல்ல."

ஒற்றுத்தாள் தீர்ந்துபோனதை அதிகாரி கவனித்தார்.

"இன்னாம்மா, மீனு ஃபைல் எழுதுதா?"

"எழுதியிருந்தா உங்க கையெழுத்துக்கு வந்திருக்குமே சார்."

அதிகாரி சிரிக்கவில்லை. மாதக் கடைசிக்குள் ஏடு நிற்காவிட்டால் தொட்டியை வாய்க்காலில் கவிழ்க்கச் சொன்னார். காரணம் கண்டுபிடிக்கும் பொறுப்பு எனக்கு. பயந்துகொண்டே இரண்டு பக்க அறிக்கை எழுதினேன். அதைத் தட்டச்சு செய்ததும் அம்மாதான். அடித்து முடித்து, "ஏன் சார், என் மெஷினு எச்சி துப்புதுங்கறீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

பொறி தாழ்வாரத்துக்குப் போனது. கடற்காற்றில் தாள்கள் பறக்காமலிருக்க, உப்புக்கட்டிகளை மேலே வைத்து வேலை செய்தார். ஏடு மட்டும் நிற்கவில்லை. கெடுவுக்கு இரண்டு நாள் இருக்கையில் என்னிடம் ஒரு துண்டை நீட்டினார்.

"குனிஞ்சு பாக்கறப்போ தலையில கட்டிக்கோங்க சார். ஜன்னல் காத்து, சளி புடிச்சுக்கும்."

கட்டிக்கொண்டேன். அன்று அவர் கடைசியாக ஒருமுறை ஒற்றியெடுத்தார். அதன்பின் ஏடு படியவில்லை, தொட்டி தப்பியது. என் அறிக்கை சற்றுத் தாமதமாகப் பலித்ததென்று நினைத்துக்கொண்டேன். அவரும் எல்லோரிடமும், "சார் மூளைதான்" என்றார்.

இதுவரை எழுதிவிட்டு, பழைய நோட்டில் தேதிகளைச் சரிபார்த்தேன். பொறி வெளியே போனது நான்காம் தேதி. ஏடு நின்றது துண்டு வந்த நாள். அதற்கு முன் நான் விடுப்பில் இருந்த மூன்று நாளும், அம்மாவின் கையெழுத்தில் "தண்ணி சுத்தம்" என்றிருக்கிறது.

அந்தத் துண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. எத்தனை முறை துவைத்தும் எண்ணெய்க் கறை போகவில்லை. அம்மா ஓய்வு பெறும்வரை தாழ்வாரத்திலேயே தட்டச்சு செய்தார். பொறியை உள்ளே கொண்டுவரச் சொல்லி நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

மேலே இரண்டாவதாக எழுதியது தவறு. காரணம் என் தலை.