குளுக்கோஸ் பாட்டிலைக் கழற்றச் சொன்னவர்

டாக்டர் ராஜாத்தி நேற்றுக் காலை மதுரையில் இறந்துவிட்டார். அருப்புக்கோட்டை கிளினிக்கில் அவருடன் பதினேழு ஆண்டுகள் வேலை பார்த்த நர்ஸ் பாக்கியம் தொலைபேசியில் சொன்னார். மாரடைப்பு.

அவரிடம் திட்டு வாங்காதவர்கள் இந்த வட்டாரத்தில் குறைவு. நான் வாங்கியதைச் சொல்கிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், இங்கிலாந்துச் சீமையில் மாட்டுக்கறி தின்றவர்களுக்கு மூளை பஞ்சாகிறது என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளிய நேரம். நரிக்குடி ஆட்டு வியாபாரி கருப்பையாவுக்குக் கண்கள் நிலைகொள்ளாமல் ஆடின, நடை தள்ளாடியது, மனைவி முனியம்மாளையே தெரியவில்லை. வெளியூர் டாக்டர் ஒருவர், அதே நோய்தான், மருந்து கிடையாது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பத்திரிகை நிருபரான நானும் மேலே விசாரிக்காமல், ‘நரிக்குடியில் பைத்திய மாட்டு நோய்?’ என்று செய்தி கொடுத்தேன்.

அதைப் படித்த டாக்டரம்மா என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு நரிக்குடி போனார். கருப்பையாவின் கட்டிலுக்கு மேலே, விட்டத்தில் கட்டிய கயிற்றில் குளுக்கோஸ் பாட்டில் தொங்கியது.

“எத்தனை நாளா சாப்பிடல இவுக?”

“ஒரு மாசமா வாந்திம்மா. எதுவும் வயித்துல தங்கல. அதான் தெம்புக்குத் தினம் ஒரு பாட்டில் ஏத்துறோம்” என்றார் முனியம்மாள்.

“தெம்பா? மொதல்ல அதக் கழட்டுங்க!” என்றவர் என் பக்கம் திரும்பினார். “கேள்விக்குறி போட்டுட்டா பொய் மெய்யாயிருமா? என்ன தின்னாருன்னு ஒரு வார்த்த கேட்டீகளா?”

பட்டினியில் கருப்பையாவின் உடம்பில் பி-ஒன் வைட்டமின் தீர்ந்துபோயிருந்தது. அது இல்லாமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றியதில் மூளை இன்னும் கெட்டது. டாக்டரம்மா பி-ஒன் ஊசியை நரம்பில் போட்டார். மறுநாள் கண்ணாட்டம் குறைந்தது. மூன்றாம் நாள் கருப்பையா வாய் திறந்தார்: “முனியம்மா, ஆட்டுக்குத் தண்ணி காட்டினியா?”

எல்லோரும் அழுதோம். டாக்டரம்மா மட்டும் கடுகடுவென்று நின்றார். “பத்து நாள் முந்தி கூப்பிட்டிருந்தா முழு ஆளாக் குடுத்திருப்பேன்.”

அவர் சொன்னது சரி. நடை திரும்பியது, நினைவு பாதிதான் திரும்பியது. காலையில் விற்ற ஆட்டை மதியம் தேடுகிறார். சந்தைக்கு முனியம்மாளும் கூடவே போகிறார். இன்னும் சிலர் அவர்களுடைய ஆட்டைத் தொடுவதில்லை. காரணம் என் செய்தி.

கருப்பையா வாய் திறந்த அன்றே மறுப்பு எழுதிக் கொடுத்தேன். “செத்தாத்தான்யா செய்தி. பொழச்சதுக்கு எதுக்கு எடம்?” என்றார் அப்போதைய ஆசிரியர். நானும் சும்மா இருந்துவிட்டேன். டாக்டரம்மா பார்க்கும்போதெல்லாம், “வந்துருச்சா?” என்று எரிச்சலோடு கேட்பார். வரவில்லை.

அந்த எரிச்சல்தான் அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது. நான் எழுதும் இந்த அஞ்சலித் தாள் அவரை அறிந்தவர்களுக்கு மட்டும் போகும். அந்தச் செய்தி எல்லா ஊருக்கும் போனது.

டாக்டரம்மாவின் மகள் வெளிநாட்டிலிருந்து வியாழக்கிழமை வந்த பிறகு தகனம். மறுப்பைப் புதிய ஆசிரியரிடம் இன்று மறுபடி கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைப் பதிப்பில் போடுவதாகச் சொல்கிறார். மறுநாள் திங்கட்கிழமை, ஆட்டுச் சந்தை.