ஃப்ளெக்ஸில் இல்லாத பாடகி

சாலோமி வீட்டில் இருக்கிறாளா என்று கதவைத் தட்டிப் பார்க்க வேண்டியதில்லை. தெருமுனையிலேயே தெரிந்துவிடும். பாத்திரம் கழுவினாலும் பாடுவாள், ஸ்கூட்டியைத் துடைத்தாலும் பாடுவாள். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளித்தான் அவள் வீடு. அவள் என் சித்தப்பா மகள்.

சித்தப்பா ஞானையா கப்பலில் இஞ்சின் வேலை பார்த்தவர். அவருடைய கப்பல் பழுதாகி லிஸ்பன் துறைமுகத்தில் நின்றபோது இல்டா சித்தியைப் பார்த்தார். சித்தி லிஸ்பனில் பிறந்தவர். அவருடைய அப்பாவும் அம்மாவும் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கடலுக்குள் கிடக்கும் கேப் வெர்டே தீவுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள். சாலோமி மூன்றாம் வகுப்பு வரை லிஸ்பனில்தான் படித்தாள். சித்தப்பாவுக்கு முதுகில் அடிபட்டுக் கப்பல் வேலை முடிந்துபோனதும் மூன்று பேரும் ஊருக்கு வந்துவிட்டார்கள்.

வந்த புதிதில் அவளுக்குத் தெரிந்த தமிழ், சாப்பாட்டு மேசையில் புழங்கும் வார்த்தைகளும் சித்தப்பா ஃபோனில் சண்டை போடும்போது சொல்கிற வார்த்தைகளும்தான். மீதியைத் தெருவில் கற்றுக்கொண்டாள். சுருண்டு அடர்ந்த அவள் தலைமுடியைத் தொட்டுப் பார்க்காத பிள்ளைகள் எங்கள் தெருவில் கிடையாது. "இன்னொரு மட்டம் தொட்டா கையை ஒடிச்சிருவேன், மூதி" என்பதுதான் அவள் தமிழில் தப்பில்லாமல் பேசிய முதல் முழு வாக்கியம். பள்ளியிலிருந்து புகார் வந்தபோது சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். வீட்டுக்கு வந்து எங்கள் எல்லோரிடமும் அதைப் பெருமையாகச் சொன்னார்.

இல்டா சித்தி வீட்டிலேயே கேக் செய்து கொடுக்கிறார். கிறிஸ்துமஸ் சமயத்தில் அந்த வீட்டு வாசலில் செருப்பு வைக்க இடம் இருக்காது. மாவு பிசையும்போது தன் தீவுப் பாட்டுகளைப் பாடுவார். அந்தப் பாட்டுகளையும் எங்கள் சர்ச் பாடகர் குழுவின் கீர்த்தனைகளையும் கேட்டுத்தான் சாலோமியின் தொண்டை வளர்ந்தது. இன்று சென்னையில் இரண்டு படங்களுக்குப் பாடிவிட்டாள். அதைப் பற்றி எழுத ஆட்கள் வருவார்கள். அதற்கு முந்திய ஒரு கொடைக் காலம், எங்கள் பக்கத்து அம்மன் கோயில் திருவிழாக் காலம், எனக்கு நன்றாகத் தெரியும்; அதைச் சொல்கிறேன்.

ஐயம்பெருமாள் அண்ணாச்சி மெல்லிசைக் குழு நடத்துகிறவர், கீபோர்டு வாசிப்பார். ஒரு நாள் ஒரு மண்டபத்தில் வரவேற்புக்கு மேடை கட்டிக்கொண்டிருந்தபோது, அடுத்த கட்டடத்துச் சர்ச்சில் கல்யாண ஆராதனைப் பாட்டு கேட்டிருக்கிறது. ஏதோ ரெக்கார்டு போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, எந்த ஆல்பம் என்று விசாரிக்கப் போனார். போனவர் சாலோமி பாடுவதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார். மறுநாள் சித்தப்பா வீட்டுக்கு வந்தார்.

குழுவில் சேர்ந்த மூன்று வருஷமும் அவளுக்குக் கிடைத்தவை குத்துப்பாட்டுகள்தான். நடுவில் ஒரு ஆங்கிலப் பாட்டு. "ஆப்பிரிக்கக் காட்டுக்குயில்" என்று அறிவிப்பாளர் ஒரு முறை சொன்னார். "அண்ணாச்சி, நான் பாளையங்கோட்டை மார்க்கெட்டைத் தாண்டி ஒரு காட்டையும் பாத்ததில்ல" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டாள். கூட்டம் சிரித்தது. ஆனாலும் மெதுவான பாட்டு, உருக்கமான பாட்டு எல்லாம் முதல் பாடகி விஜயஸ்ரீ அக்காவுக்குத்தான் போயின. சாலோமிக்கு வேண்டியிருந்தது அந்த இடம். இதை அவள் யாரிடமும் மறைத்ததில்லை, விஜயஸ்ரீ அக்காவிடம்கூட.

விஜயஸ்ரீ அக்கா கணவரோடு மஸ்கட் போய்விட்டாள். கொடைக் காலம் தொடங்க இருந்தது.

"ஏட்டி, நீ பாடுவேன்னு எனக்குத் தெரியும். ஊர்க்காரனுக்குத் தெரியணும்லா?" என்றார் அண்ணாச்சி. "ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் ஒரு அம்மன் கோயில் கொடை இருக்கு. அங்கன நீதான் முதல் பாடகி. அவங்க நல்லாருக்குன்னு சொல்லிட்டா இந்த வருசம் பூரா உனக்குத்தான். இல்லன்னா மதுரையில ஒரு பிள்ளைகிட்டச் சொல்லி வச்சிருக்கேன், அவளைக் கூப்பிட வேண்டியதுதான். பிறகு எம்மேல வருத்தப்படக் கூடாது."

"வருத்தப்படுவேன். ஆனா சண்டைக்கு வர மாட்டேன்" என்றாள்.

சித்தப்பாவால் அவ்வளவு தூரம் வேனில் உட்கார முடியாது. அதனால் துணைக்கு நான் போனேன். மத்தியானம் கிளம்பி, ஆற்றோரமாகவே வாழைத் தோட்டங்களுக்கு நடுவில் போனோம். ஊருக்குள் திரும்பும் இடத்தில் கொடை ஃப்ளெக்ஸ் தெரிந்தது. ஒரு வீட்டு உயரம் இருந்தது. டிரைவர் வேனை நிறுத்திவிட்டார்.

படத்தில் ஒரு பெண் இருந்தாள். பால் போல வெளுத்த முகம். இடுப்பு வரை நேராக விழுந்த முடி, அதில் இரண்டு முழம் பிச்சிப்பூ. கீழே "இசைத்தேன் சாலோமி" என்று போட்டிருந்தது.

"இது யாரு?" என்றாள் சாலோமி.

"நீதான். பேரு போட்டிருக்குல்லா" என்றார் தபேலாக்காரர்.

"கம்மல் என்னுதுதான்" என்றாள் அவள், நன்றாகப் பார்த்துவிட்டு.

ஃப்ளெக்ஸில் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் கொடைக் கமிட்டிக்காரர்கள் வெள்ளைச் சட்டையோடு வரிசையாகக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தலைவர் கார்த்திகேசன் படம் எல்லோரையும்விடப் பெரிது.

கோயில் மைதானத்தில் மேடை தயாராக இருந்தது. பொழுது சாய்வதற்குள்ளேயே பெண்கள் பாயை விரித்து இடம் பிடித்திருந்தார்கள். ஓரமாகப் பொங்கல் அடுப்புகள் எரிந்தன. கார்த்திகேசன் வேகமாக வந்தார். வழுக்கைத் தலை, கழுத்தில் துண்டு.

"வாரும் வே. பாட்டுக்காரப் பிள்ளை எங்க? பின்னால கார்ல வருதா?"

"இந்தா நிக்காளே" என்றார் அண்ணாச்சி.

கார்த்திகேசன் சாலோமியை மேலும் கீழும் பார்த்தார். "வெளையாடாதீரும். இது உம்ம குரூப்புல ஆடுத பிள்ளைன்னுல்லா நெனைச்சேன்."

"ஆடவும் செய்வேன் அண்ணாச்சி. இன்னைக்குப் பாட வந்திருக்கேன்."

அவள் பேச்சைக் கேட்டு ஒரு நிமிடம் தடுமாறினார். ஆனால் இறங்கி வரவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. முந்தின கொடைக்கு வேறொரு குழு, டிவியில் பாடும் பெண்ணின் படத்தை ஃப்ளெக்ஸில் போட்டுவிட்டு, கடைசியில் வேறு ஆளைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

"கேட்டா, அவ சித்தி மகளாம். ரெண்டு பேருக்கும் ஒரே தொண்டையாம். பக்கத்து ஊர்க்காரன் இன்னும் கேலி பண்ணுதான் வே. மறுபடியும் எங்களை ஏமாத்தலாம்னு பாக்கீரா? படத்துல இருக்க பிள்ளை வரட்டும். இல்லன்னா மேளத்தை மட்டும் வச்சுக் கொடையை முடிச்சுக்கிடுதோம்."

கமிட்டி ஆட்கள் சுற்றி நின்றுகொண்டார்கள். இவள்தான் அவள் என்று அண்ணாச்சி எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தார். ஒருவரும் நம்பவில்லை. கடைசியில் சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்துக்கொண்டு ஓரமாக நகர்ந்தார். யாருக்கு என்று கேட்கவே வேண்டாம். சாலோமியின் முகம் வாடியதை நான் பார்த்தேன். ஆனால் அவள் அவர் பின்னாலேயே போனாள்.

"மதுரைக்கா போடுதிய?"

அவர் ஃபோனில் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார்.

"அவ மட்டும் அந்தப் படம் மாதிரியா இருப்பா? மொதல்ல அந்தப் போர்டு அடிச்சவனுக்குப் போடச் சொல்லுங்க."

ஃப்ளெக்ஸ் அடிக்கக் கொடுத்தது கமிட்டிதான். கார்த்திகேசன் முனகிக்கொண்டே கடைக்கு ஃபோன் போட்டார். எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைத் தட்டிவிட்டார்.

"அஃப்சல், கார்த்திகேசன் பேசுதேன். பாட்டுக்காரப் பிள்ளை படம் உனக்கு எங்கன இருந்து வந்துது?"

"அந்தக் குரூப்புக்காரங்க அனுப்பினதுதான் அண்ணாச்சி. நான் கொஞ்சம் டச்சப் பண்ணியிருக்கேன்."

"கொஞ்சம்னா?"

"நெறத்தைக் கூட்டினேன். முடி கலைஞ்சு கெடக்குன்னு நெனைச்சு, நேராக்கிப் பூவும் வச்சு விட்டேன். எல்லாருக்கும் செய்யுததுதான அண்ணாச்சி. உங்க தலைக்கும்தான் முடி வச்சு விட்டேன். வாலிபப் பையன் மாதிரி இருக்குன்னு நீங்களே சொன்னியளே."

கார்த்திகேசனின் கை தானாகத் தலைக்குப் போயிற்று. பின்னால் நின்ற கமிட்டிக்காரர் ஒருவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

சாலோமி அமைதியாகச் சொன்னாள்: "அண்ணாச்சி, போர்டுல இருக்க கார்த்திகேசன் அண்ணாச்சியைக் கூட்டிட்டு வாங்க. அவரு வந்ததும் அந்தப் பிள்ளையும் வந்துரும்."

பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள் பக்கமிருந்துதான் முதலில் சிரிப்பு வந்தது. "நல்லாக் கேட்டா பிள்ளை" என்றது ஒரு குரல். "ஏ கார்த்திகேசா, அந்த முடியை எங்கல வச்சே?" என்றது இன்னொன்று. கார்த்திகேசன் முறைத்துப் பார்த்தார். முறைப்பு நிற்கவில்லை, அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"வாய் இருக்கு. பாட்டு இருக்கான்னு பாப்போம்" என்றார். "ரெண்டு பாட்டு பாடட்டும் வே. சரியில்லன்னா மதுரைக்குப் போடும்."

அண்ணாச்சி ஃபோனைப் பையில் வைக்கவில்லை. கீபோர்டின் மேலேயே வைத்துக்கொண்டார்.

முதலில் பிள்ளையார் பாட்டு. அது எல்லாக் குழுவும் எல்லா மேடையிலும் பாடுவது. கூட்டம் பேசிக்கொண்டே இருந்தது. நிறைய பேர் அவளுடைய முடியைத்தான் ஃபோனில் படம் எடுத்தார்கள். அடுத்ததாக அண்ணாச்சி ஒரு குத்துப்பாட்டுக்குக் கைகாட்டினார். அவள் வேண்டாம் என்று தலையசைத்து அவரிடம் குனிந்தாள். மேடை ஓரத்தில் இருந்த எனக்கு அது கேட்டது.

"தாலாட்டுப் பாடுதேன்."

"கிறுக்கா ஒனக்கு? கூட்டம் எந்திரிச்சுப் போயிரும்ட்டி."

"குத்துப்பாட்டு பாடி ஜெயிச்சா நாளைக்கும் குத்துப்பாட்டுதான் குடுப்பிய. சுருதி மட்டும் குடுங்க, போதும்."

பழைய பாட்டு. பிள்ளை இல்லாத வீட்டில் ஒருத்தி வெறுந்தொட்டிலை ஆட்டிக்கொண்டு பாடுவது. சாலோமியின் குரல் கீழ் ஸ்தாயியில் கொஞ்சம் கரகரப்பாக இருக்கும். அவள் அதை மறைக்கவில்லை. யாருக்கும் கேட்க வேண்டும் என்று இல்லாமல், பக்கத்தில் இருக்கிற ஒருவருக்குச் சொல்வது போல ஆரம்பித்தாள். இரண்டாவது அடியில் முன்வரிசைப் பேச்சு நின்றது. சரணத்தில் குரல் மேலே ஏறியபோது மைதானத்தில் ஜெனரேட்டர் சத்தம் தனியாகக் கேட்டது. பொங்கல் பானைக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்த பெண்கள் மேடையைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். இரண்டு அடுப்பு அணைந்துபோனதை அவர்கள் கவனிக்கவில்லை.

பாட்டு முடிந்ததும் உடனே கைதட்டல் வரவில்லை. வந்தவை சீட்டுகள். இன்ன பாட்டு பாடு என்று துண்டுக் காகிதத்தில் எழுதி மேடைக்கு அனுப்புவது இந்தப் பக்கத்து வழக்கம். பிடிக்காத பாடகிக்கு ஒரு சீட்டும் வராது. அன்று தபேலாக்காரர் மடி நிறைய வாங்கி வைத்தார். கார்த்திகேசனே ஒரு சீட்டைக் கொண்டுவந்து நீட்டினார்.

"எனக்கில்லம்மா. வீட்டுல கேட்டுச்சு" என்றார்.

ஐயம்பெருமாள் அண்ணாச்சி அப்போதுதான் ஃபோனைப் பையில் போட்டார்.

அடுத்த வாரம் அவர் சித்தப்பா வீட்டுக்கு வந்தார். சித்தி கேக்கை வெட்டித் தட்டில் வைத்துக் கொடுத்தார். நாங்குநேரிப் பக்கத்திலிருந்து ஒரு கமிட்டி பேசியிருக்கிறது என்றார் அண்ணாச்சி. அந்த ஊர்க்காரர்கள் சிலர் அன்று கொடைக்கு வந்திருந்தார்களாம்.

"என்ன சொல்லுதாங்க தெரியுமா? போர்டுல இருந்த பிள்ளை வேண்டாமாம். வந்து பாடுன பிள்ளையை அனுப்பச் சொல்லுதாங்க."

"ரெண்டு பிள்ளை யாருங்க?" என்று சித்தி கேட்டார். சித்தப்பா சிரித்துக்கொண்டே சாலோமியைக் கைகாட்டினார்.

சாலோமி எந்தத் தேதி என்று கேட்டுக்கொண்டாள். பிறகு, "மதுரைப் பிள்ளைக்குச் சொல்லிட்டியளா? பாவம், அவ எத்தனை நாளா ஃபோனைப் பாத்துட்டிருக்காளோ" என்றாள்.

"நாளைக்குச் சொல்லுதேன்."

"இப்பவே சொல்லுங்க அண்ணாச்சி" என்று அவருடைய ஃபோனை எடுத்து அவர் கையில் வைத்தாள். அவர் பேசி முடிக்கும்வரை எதிரிலேயே நின்றாள்.